மருந்துப் பெட்டி யார் கையில்?

போர்க்கள கேம்களில் வரும் கிளாஸ்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஆடுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், ஆடுகிறவர்களைப் பெற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். வரிசையாகப் பார்த்துவிடலாம்.

கேள்வி: என் மகன் ராத்திரி முழுக்க "நான் மெடிக், நான் மெடிக்" என்று கத்துகிறான். ஆளைச் சுடுகிற விளையாட்டில் வைத்தியனுக்கு என்ன வேலை?
(ஓர் அம்மா, ஈரோடு)

பதில்: ஜெயிக்க வைக்கிற வேலை, அம்மா. 2011-ல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 3' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அணிக்கும் டிக்கெட் என்று ஒரு கையிருப்பு உண்டு. ஒருவர் செத்து மறுபடி களத்துக்கு வந்தால் அதில் ஒன்று கழியும். கையிருப்பு தீர்ந்த அணி தோற்றது. கீழே விழுந்தவரிடம் சில நொடிக்குள் மெடிக் ஓடிப்போய், நெஞ்சில் மின்அதிர்ச்சிக் கருவியை வைத்துவிட்டால் அவர் அதே இடத்தில் எழுந்துவிடுவார். டிக்கெட்டும் மிஞ்சும். எதிரியை வீழ்த்தினால் 100 புள்ளி, தோழரை எழுப்பினாலும் 100 புள்ளி. கேமைச் செய்தவர்களே இரண்டுக்கும் ஒரே விலை போட்டிருக்கிறார்கள். உங்கள் பையன் நல்ல வேலையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். 'ராத்திரி முழுக்க' என்பதை மட்டும் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செத்தவனை எழுப்புவது போங்கு ஆட்டம் இல்லையா?
(பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: கபடியில் எதிரணி ஆள் அவுட்டானால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் உள்ளே வருகிறாரே, அதை யாரும் போங்கு என்று சொல்வதில்லையே தம்பி!

கேள்வி: கிளாஸ் என்பதை இரண்டே வரியில் விளக்க முடியுமா?
(வங்கி ஊழியர், சேலம்)

பதில்: ஒரு வேலை, அந்த வேலைக்கான சாமான், கூடவே தெரிந்தே வைத்த ஒரு குறை. இந்த மூன்றும் சேர்ந்தால் கிளாஸ்.

கேள்வி: குறையை எதற்குத் தெரிந்தே வைக்க வேண்டும்? முழுமையான வீரனைக் கொடுத்தால் என்ன?
(பொறியியல் மாணவர், கோவை)

பதில்: உங்கள் கேள்விதான் இந்த இதழின் மையக் கேள்வி. ஸ்னைப்பர் தொலைதூரத்தில் இருப்பவரை வீழ்த்துவார். டாங்கி வந்தால் அவரால் ஒன்றும் ஆகாது. இன்ஜினியர் அந்த டாங்கியை உடைப்பார், நம் டாங்கி அடிவாங்கினால் பழுதும் பார்ப்பார். ஆனால் அவர் பையில் மருந்து கிடையாது. மருந்து வைத்திருப்பவரிடம் டாங்கியை உடைக்கும் ராக்கெட் கிடையாது. சப்போர்ட் தோட்டா தராவிட்டால் எல்லார் துப்பாக்கியும் சும்மாதான்.

தனக்கு இல்லாததை இன்னொருவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். முன்பின் தெரியாத நாலு பேரை அணியாக்குவது அந்தக் கட்டாயம்தான். எல்லாம் தெரிந்த வீரனைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே மைதானத்தில் அறுபது பேர் தனித்தனியாக ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தது?
(நூலகர், மதுரை)

பதில்: பரப்பியவர்கள் மூன்று ஆஸ்திரேலிய இளைஞர்கள்: ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காஃலி. 1996-ல் 'குவேக்' வந்தபோது அதில் எல்லாரும் சமம். தரையில் கிடக்கும் துப்பாக்கியை யார் முதலில் எடுக்கிறாரோ அவர் பலசாலி. அதே ஆண்டில் இவர்கள் அதன்மேல் 'டீம் ஃபோர்ட்ரஸ்' என்ற மாற்றுப் பதிப்பைச் செய்து இலவசமாக விட்டார்கள். ஓடுகிறவர், இடிக்கிறவர், கட்டுகிறவர், குணப்படுத்துகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. வால்வ் நிறுவனம் அவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1999-ல் 'டீம் ஃபோர்ட்ரஸ் கிளாசிக்', 2007-ல் 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' என்று வளர்ந்தது.

இன்னொரு பக்கம் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் நகரத்து டைஸ் நிறுவனம் 2002-ல் 'பேட்டில்ஃபீல்டு 1942' கேமைக் கொண்டுவந்தது. ஒரே களத்தில் 64 பேர், ஐந்து கிளாஸ், ஓட்டுவதற்கு டாங்கியும் விமானமும் கப்பலும். ராணுவ கேம்களில் இன்றைக்குப் பார்க்கிற கிளாஸ் வரிசைக்கு இதுதான் பெரிய தாய்வீடு.

கேள்வி: இன்ஜினியர் எடுத்தால் போர் அடிக்கிறது. சுவர் ஓரம் உட்கார்ந்து திருகாணி முடுக்கவா கேமுக்கு வந்தேன்?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: 2003-ல் வந்த 'உல்ஃபென்ஸ்டைன்: எனிமி டெரிட்டரி' கேமில் கோல்ட் ரஷ் என்றொரு மேப் உண்டு. அதை ஒரு தடவை ஆடிவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். முழு கேமும் இலவசமாக வந்தது.

இடம், வட ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஊர். நேச நாட்டு அணி எதிரியின் டாங்கியைத் திருட வேண்டும். டாங்கியோ பழுதாகி நிற்கிறது. இன்ஜினியர் வந்து சரிசெய்தால்தான் நகரும். தெருவில் தடுப்புச்சுவர் குறுக்கே நிற்கும். இன்ஜினியர் டைனமைட் வைக்க வேண்டும். வைத்த பிறகு வெடிக்க 30 நொடி. அந்த 30 நொடியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் எதிரணி இன்ஜினியர் ஓடிவந்து அதைச் செயலிழக்கச் செய்யப் பார்ப்பார். டைனமைட் வைத்தவரைச் சுற்றி மெடிக் ஊசியோடு நிற்பார். சோல்ஜர் தெருமுனையில் இயந்திரத் துப்பாக்கியை ஊன்றிப் படுத்திருப்பார். ஃபீல்டு ஆப்ஸ் தோட்டாப் பொதியை வீசிவிட்டு விமானத் தாக்குதலுக்குப் புகைக்குறி போடுவார். கோவர்ட் ஆப்ஸ் செத்த எதிரியின் சீருடையை மாட்டிக்கொண்டு அவர்கள் நடுவிலேயே நடந்துபோவார். கடைசியில் டாங்கி வங்கிக் கதவைப் பிளக்கும். தங்கப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்த அமர்க்களம் அத்தனையும் இன்ஜினியரைச் சுற்றித்தான். அவர் இல்லை என்றால் டாங்கி நின்ற இடத்திலேயே நிற்கும், மேட்ச் அங்கேயே முடிந்தது.

கேள்வி: 2007-ல் வந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' கேமை இன்னும் ஏன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்?
(ஓவியக் கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: ஓவியம் படிக்கிறவர் கேட்டதால் முதலில் உருவத்தைச் சொல்கிறேன். ஒன்பது கிளாஸ். ஒவ்வொருவரின் நிழலை மட்டும் சுவரில் காட்டினாலும் யார் என்று சொல்லிவிடலாம். அப்படி வரும்படி வரைவது என்று முடிவெடுத்தே வரைந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் போட்ட ஜே. சி. லையன்டெக்கர் போன்றோரின் பாணியைப் பின்பற்றினார்கள். அழகுக்காக மட்டும் இல்லை. எதிரில் வருகிறவர் என்ன செய்யக்கூடியவர் என்பது ஒரே பார்வையில் தெரிந்தால்தான் எப்படி எதிர்கொள்வது என்று முடிவெடுக்க முடியும்.

அடுத்தது, குறைகளைப் பங்கிட்ட நேர்த்தி. ஸ்கௌட் மின்னலாக ஓடுவார், அந்தரத்தில் இன்னொரு தாவல் தாவுவார். உயிர்ப்புள்ளி 125-தான். ஹெவிக்கு 300 உண்டு, நடை மட்டும் ஆமை. இன்ஜினியர் கட்டிவைத்த தானியங்கித் துப்பாக்கி ஒரு வாசலையே அடைத்துவிடும். அதை முடக்க ஸ்பை நம் ஆள் வேஷத்தில் வருவார். ஸ்பை பயப்படுவது பைரோவின் தீக்கு. பட்டால் வேஷம் அம்பலமாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் நடுவில் மெடிக். தோழர்களுக்குச் சிகிச்சை கொடுக்கக் கொடுக்க அவரிடம் ஒரு சார்ஜ் ஏறும். நிறைய மிக வேகமாகப் போனாலும் 40 நொடி. நிறைந்ததும் அழுத்தினால், அவரையும் அவர் கூட இருப்பவரையும் 8 நொடிக்கு எதுவும் தொடாது. அந்த எட்டு நொடியில்தான் அரைமணி நேரமாக அடைபட்டுக் கிடந்த வாசல் திறக்கும். நிறைவதற்குள் மெடிக் செத்தாரோ, சேர்த்ததெல்லாம் போச்சு. அதனால்தான் அணிக்கு ஆறு பேர் ஆடும் போட்டிகளில் இரு அணியும் மெடிக் ஒருவரைக் காப்பதையும் கவிழ்ப்பதையுமே வியூகமாக வைத்திருக்கிறார்கள். சுடுகிறவர்கள் நிறைந்த களத்தில் சுடத் தெரியாதவரை ராஜாவாக்கிக் காட்டியது இந்த கேம். அதைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது?

கேள்வி: எங்கள் ஸ்குவாடில் நாலு பேருமே ஸ்னைப்பர். என்ன செய்யலாம்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: மலை உச்சியிலிருந்து நாலு பேரும் சேர்ந்து தோல்வியைத் தெளிவாகப் பார்க்கலாம். கொடியைப் பிடிக்க ஒருவர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

கேள்வி: 'பேட்டில்ஃபீல்டு 2042' ஏன் அவ்வளவு திட்டு வாங்கியது? கிராஃபிக்ஸ் பிரமாதமாகத்தானே இருந்தது?
(மென்பொருள் துறை வாசகர், பெங்களூரு)

பதில்: 2021 நவம்பரில் வந்தபோது அதில் பிழைகள் நிறைய இருந்தன. பிழைகளை அப்டேட்டில் சரிசெய்துவிடலாம். அடித்தளத்தில் எடுத்த முடிவுதான் அடி வாங்கியது. நான்கு கிளாஸையும் எடுத்துவிட்டு பத்து ஸ்பெஷலிஸ்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு தனித்திறன், மற்றபடி யார் வேண்டுமானாலும் எந்தத் துப்பாக்கியும், எந்தச் சாதனமும் எடுக்கலாம். கேட்பதற்கு இனிப்பான சுதந்திரம்.

களத்தில் என்ன நடந்தது? தோட்டாப் பெட்டியை யாரும் எடுக்கலாம் என்றானபோது, அதை எடுப்பது யாருடைய பொறுப்பும் இல்லை என்றாகிவிட்டது. ஓடிவருகிற ஆளைப் பார்த்து இவரிடம் ராக்கெட் இருக்குமா, மருந்து இருக்குமா என்று ஊகிக்க வழியில்லை. போதாக்குறைக்கு எதிரணியிலும் அதே முகம். ஒரு களத்துக்கு 128 பேர் என்று கூட்டத்தை இரட்டிப்பாக்கிவிட்டு, கூட்டத்தை அணியாக்குகிற ஒரே கயிற்றையும் அறுத்துவிட்டார்கள்.

ஆடுகிறவர்கள் விடவில்லை. ஓராண்டுக்கு மேல் அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால், 2023 ஜனவரியில் ஸ்பெஷலிஸ்டுகளை மறுபடி நான்கு கிளாஸுக்குள் கொண்டுவந்தது நிறுவனம். சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கேட்டு வாங்கிய ரசிகர்கள் இவர்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: அப்படியானால் 'பேட்டில்ஃபீல்டு 6' திருந்திவிட்டதா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: பெருமளவு. 2025 அக்டோபரில் அசால்ட், இன்ஜினியர், சப்போர்ட் (இதில் மெடிக் வேலையும் இவருடையதே), ரீகான் என்ற பழைய நால்வரோடுதான் வந்தது. விழுந்தவரைச் சூடு படாத இடத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் எழுப்பும் வசதி அருமையான சேர்க்கை. துப்பாக்கிகளை மட்டும் எல்லாருக்கும் திறந்துவிட்டு, கிளாஸுக்குரிய துப்பாக்கியோடு ஆட விரும்புகிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தனிப் பிரிவு. கையில் உள்ள துப்பாக்கியின் சத்தத்தை வைத்தே சுவருக்கு அப்பால் எந்த கிளாஸ் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' கேமில் கிளாஸே கிடையாது. ஆனாலும் அதில்தான் உலகத் தரமான அணி ஆட்டம் நடக்கிறது. உங்கள் வாதம் அடிபடுகிறதே?
(வாசகர், திருச்சி)

பதில்: நல்ல அடி, ஆனால் படவில்லை. அங்கே குறையைக் கொண்டுவருவது பணம். ஒவ்வொரு ரவுண்டிலும் எல்லாரும் எல்லாமும் வாங்கப் பணம் போதாது. குண்டைச் செயலிழக்கச் செய்யும் கருவி கையில் இருந்தால் 5 நொடி, இல்லாவிட்டால் 10 நொடி. அதற்கு 400 டாலர். தனக்குத் துப்பாக்கி குறைந்தாலும் பரவாயில்லை என்று அதை வாங்கி வைத்திருப்பவர் பல மேட்ச்சுகளைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஐந்து பேர் கூடினால் வேலைப் பங்கீடு தானாக வந்துவிடுகிறது: முதலில் உள்ளே பாய்கிறவர், ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பர் துப்பாக்கியோடு கோணம் பிடிக்கிறவர், எதிரியின் முதுகுப் பக்கம் பதுங்குகிறவர், உத்தரவு கொடுக்கிறவர். கேம் கொடுக்காத கிளாஸை ஆடுகிறவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்றால், அது எவ்வளவு அவசியமான ஒன்று என்று பாருங்கள்.

கேள்வி: 'கால் ஆஃப் டியூட்டி'யில் நானே கிளாஸ் உருவாக்குகிறேனே, அது என்ன கணக்கு?
(பத்தாம் வகுப்பு மாணவர், வேலூர்)

பதில்: 2007-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' அந்த வழியைத் திறந்தது. துப்பாக்கி, அதன் உதிரிச் சாமான், மூன்று பெர்க் (கூடுதல் திறன்) என்று உனக்குப் பிடித்ததைக் கோத்துக்கொள்ளலாம். 55 லெவல் வரை ஏற ஏறப் புதியது திறக்கும். சின்ன மேப், வேகமான சண்டை. அங்கே இது பொருந்துகிறது. ஆனால் அது உனக்காக நீ கட்டிய மூட்டை. இன்னொருவர் உன்னைத் தேடிவர அதில் காரணம் இல்லை. பேட்டில்ஃபீல்டு கிளாஸிலும் கால் ஆஃப் டியூட்டி கிளாஸிலும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் தம்பி.

கேள்வி: 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' ஆபரேட்டர்களை எதில் சேர்ப்பது?
(வாசகி, கோலாலம்பூர்)

பதில்: குறையைக் கலையாக்கியவர்கள் பட்டியலில். 2015 டிசம்பரில் வந்தபோது ஐந்து நாட்டுச் சிறப்புப் படைகளிலிருந்து 20 பேர். ஓர் அணியில் ஒருவரை ஒருவர்தான் எடுக்கலாம்.

ஒரே ஒரு சுவரைப் பாருங்கள். காப்பவர்கள் அதை இரும்புத் தகட்டால் பலப்படுத்திவிட்டார்கள். அதை உருக்கித் துளைக்கும் வெடி அமெரிக்க தெர்மைட்டிடம் இருக்கிறது. ஆனால் உள்ளே ஜெர்மானிய பேண்டிட் கார் பேட்டரியை மாட்டித் தகட்டில் மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார். வெடியை ஒட்டினால் கருகிப்போகும். பிரிட்டிஷ் தாட்சர் மின்காந்தக் குண்டு ஒன்றை எறிந்து பேட்டரியைச் செயலிழக்கச் செய்த பிறகுதான் தெர்மைட் கிட்டப் போக முடியும். ஒரு சுவருக்கு மூன்று பேர் மூளை. தாட்சர் அவசரப்பட்டு முன்னாடியே செத்துவிட்டால், தெர்மைட் கையில் வெடியை வைத்துக்கொண்டு வெறுமனே நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: தலைவர் என்று ஒரு கிளாஸ் வேண்டுமா? எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தால் போதாதா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: போதாது ஐயா. 'ஹெல் லெட் லூஸ்' என்ற இரண்டாம் உலகப்போர் கேமில் அணிக்கு 50 பேர். செத்த யாரும் சண்டைக்கு அருகிலேயே திரும்பி வருவதற்குக் களத்தில் கேரிசன் என்ற முகாம் இருக்க வேண்டும். அதை ஸ்குவாடின் ஆஃபீசரோ கமாண்டரோதான் அமைக்க முடியும். அமைக்க 50 அளவு சரக்கு வேண்டும். சரக்குப் பெட்டி சப்போர்ட்டின் முதுகில். ஆஃபீசர் இடம் பார்க்க வேண்டும், சப்போர்ட் அந்த இடத்துக்கு உயிரோடு வந்து பெட்டியை இறக்க வேண்டும். இருவரும் வேலி மறைவில் குனிந்து இதைச் செய்து முடித்தால், அடுத்த நிமிடம் அந்த வேலிக்குப் பின்னாலிருந்து ஐம்பது பேர் வரலாம். செய்யாவிட்டால் ஐம்பது பேரும் மேப்பின் கோடியிலிருந்து ஓடிவர வேண்டும். இரண்டு பேரும் ஒரு தோட்டா கூடச் சுட்டிருக்க மாட்டார்கள். மேட்ச்சை ஜெயித்தவர்கள் அவர்கள்தான்.

தலைவர் வேலை என்பது பள்ளியில் நீங்கள் செய்ததேதான்: யாருக்கு எது வரும் என்று பார்த்து, அவரை அங்கே நிறுத்துவது.

கேள்வி: நிஜ ராணுவத்திலும் இப்படித்தானா?
(காவலர் தேர்வுக்குப் படிப்பவர், விருதுநகர்)

பதில்: வேலைப் பங்கீடு நிஜம், பெயர்கள் கொஞ்சம் மாறும். அமெரிக்கத் தரைப்படையின் ஸ்குவாடில் ஒன்பது பேர்: ஒரு தலைவர், அவருக்குக் கீழே நால்வர் கொண்ட இரண்டு குழு. ஒவ்வொரு குழுவிலும் தானியங்கித் துப்பாக்கிக்காரர் ஒருவர், கிரனேடு லாஞ்சர்காரர் ஒருவர். 'ஸ்குவாடு' என்ற கேமிலும் ஒரு பிரிவுக்கு ஒன்பது பேர்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. முள்கம்பி வேலியைப் பிளக்கக் குழாய்க்குள் வெடிமருந்து அடைத்துத் தள்ளும் 'பெங்களூர் டார்பிடோ'வை 1912-ல் உருவாக்கியவர் மதராஸ் சாப்பர்ஸ் படையின் கேப்டன் மெக்லின்டாக். 1944-ல் நார்மண்டி கரையில் நேச நாட்டு வீரர்கள் வேலியைப் பிளந்தது அதை வைத்துத்தான். 2002-ல் வந்த 'மெடல் ஆஃப் ஹானர்: அலைடு அசால்ட்' ஆடியவர்கள் ஒமாஹா கரையில் அதை எடுத்துவர ஓடியிருப்பார்கள். 1780-ல் வேர்கொண்ட அந்தப் படையின் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயரே 'தம்பி'. இன்ஜினியர் கிளாஸை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: போரைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். மருத்துவமனையில் குண்டு விழுந்ததைப் பார்த்தவர்கள். இதை விளையாட்டு என்று எங்கள் பிள்ளைகள் ஆடும்போது மனம் பதறுகிறது.
(ஒரு தகப்பன், யாழ்ப்பாணம்)

பதில்: ஐயா, பதறத்தான் செய்யும். உங்கள் மனத்தைச் சமாதானப்படுத்த நான் முயல மாட்டேன். இந்த கேம்களின் களத்தில் குடும்பங்கள் இல்லை. வீட்டை விட்டு ஓடுகிறவர்கள் இல்லை. விழுந்தவர் பத்து நொடியில் எழுந்துவிடுகிறார். போரின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் இவை விளையாட்டாகின்றன. அதைப் பிள்ளைக்குச் சொல்லும் உரிமை உங்களைவிட யாருக்கும் இல்லை.

ஒன்றை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேமில் முதல் குறி மெடிக். நிஜத்தில், காயம்பட்டவரைப் பார்க்கும் மருத்துவப் பணியாளரைக் குறிவைப்பது போர்க்குற்றம். செஞ்சிலுவைக் குறி 1864 ஜெனீவா ஒப்பந்தத்திலிருந்து பாதுகாக்கப்பட்டது. அதன் மரியாதை மங்கக்கூடாது என்பதற்காகவே கேம்களின் மருந்துப் பெட்டியில் அதைப் போட வேண்டாம் என்று செஞ்சிலுவை அமைப்புகள் கேட்கின்றன. 2017-ல் 'பிரிசன் ஆர்க்கிடெக்ட்' கேம் அதன்படி குறியை மாற்றியது.

அவன் ஆடத்தான் போகிறான் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேம்களை ஆடச் சொல்லுங்கள். ஒன்று, 'ஆர்மா 3' கேமின் 2017 ஆண்டுப் பகுதியான 'லாஸ் ஆஃப் வார்'. போர் முடிந்த கிராமத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவராக ஆட வேண்டும். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஒத்துழைப்போடு செய்தது. இன்னொன்று, போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-ல் செய்த 'திஸ் வார் ஆஃப் மைன்'. சராஜேவோ முற்றுகையை மனத்தில் வைத்து எழுதியது. அதில் சிப்பாய் இல்லை, இடிந்த வீட்டில் பசியோடு இருக்கும் பொதுமக்கள்தான். அதை முடித்த பிறகு அவன் உங்களிடம் கேள்வி கேட்பான்.

கேள்வி: மைக்கில் என் குரல் கேட்டதும் கேலி செய்கிறார்கள். பேசாமல் எப்படி சப்போர்ட் ஆடுவது?
(கல்லூரி மாணவி, திருப்பூர்)

பதில்: முதலில், கேலி செய்கிறவர்களுக்கு: உங்கள் அணியின் மருந்துப் பெட்டி அவர் கையில் இருக்கிறது. வாயை மூடுங்கள்.

உங்களுக்கு: கேலி செய்கிறவரை உடனே மியூட் செய்து ரிப்போர்ட் கொடுங்கள், விளக்கம் சொல்லி நேரம் வீணாக்காதீர்கள். 2019-ல் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' பிங் முறையை மெருகேற்றிக் கொண்டுவந்தது. ஒரே பொத்தானில் எதிரி எங்கே, தோட்டா எங்கே, எந்தப் பக்கம் போகிறோம் என்று காட்டிவிடலாம், கதாபாத்திரமே அதைக் குரலில் சொல்லும். பிறகு வந்த பல கேம்களில் இது உண்டு. ஆனால் ஒரு நாளும் உங்கள் குரல்தான் குறை என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல ஸ்குவாடு கிடைத்தால் மைக்கை ஆன் செய்யுங்கள். உங்கள் தகவல் அவர்களுக்குத் தேவை.

கேள்வி: எங்களிடம் ஃபோன் மட்டும்தான். எங்களுக்கு கிளாஸ் உண்டா?
(ஐ.டி.ஐ. மாணவர், தூத்துக்குடி)

பதில்: உண்டு. 'கால் ஆஃப் டியூட்டி: மொபைல்' 2019-ல் வந்தபோதே அதன் பேட்டில் ராயல் ஆட்டத்தில் மெடிக், ஸ்கௌட், டிஃபெண்டர், மெக்கானிக், நின்ஜா, க்ளௌன் என்று ஆறு கிளாஸ் இருந்தன. 'பி.ஜி.எம்.ஐ.'யில் கிளாஸ் கிடையாது. அங்கே நீங்கள் நாலு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் முன்னால், ஒருவர் தூரத்துத் துப்பாக்கியோடு, ஒருவர் வண்டியும் புகைக்குண்டும், ஒருவர் முடிவெடுக்கிறவர். லேண்ட் ஆவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு அதில் ஒரு நாளைக்கு 3 மணி நேர வரம்பு இருக்கிறது. அதைத் தாண்ட அண்ணன் நம்பரைத் தேடாதீர்கள்.

கேள்வி: பத்து வயதுப் பையனுக்கு இந்த கேம் வாங்கித் தரலாமா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வேண்டாம். பேட்டில்ஃபீல்டு, கால் ஆஃப் டியூட்டி வரிசைகளின் புதிய கேம்களுக்கு அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் என்ற தரமுத்திரை. ஏழு வருஷம் கழித்து வாங்கிக்கொடுங்கள், கூட உட்கார்ந்து ஆடுங்கள்.

கேள்வி: எந்த கிளாஸ் சிறந்தது?
(வாசகர், தர்மபுரி)

பதில்: இந்த நிமிடம் உங்கள் ஸ்குவாடில் யாரும் எடுக்காதது.

கேள்வி: எனக்கு கேம் ஆடும் நண்பர்கள் கிடையாது. தனியாகத்தான் உள்ளே போகிறேன். முப்பது கில் எடுத்தாலும் தோற்கிறோம், யாரும் பேசுவதுமில்லை. விட்டுவிடலாமா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: விடாதீர்கள். கில் கணக்கை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு சப்போர்ட் எடுத்துப் பாருங்கள். ஸ்குவாடு தலைவர் போகிற திசையில் போங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே தோட்டாப் பெட்டியை அவர்கள் காலடியில் போடுங்கள். ஒருவர் விழுந்தால் முதலில் புகைக்குண்டு, பிறகு ஓட்டம், பிறகு மின்அதிர்ச்சி. புகை போடாமல் எழுப்பினால் அதே துப்பாக்கிக்கு அவரை மறுபடி பலி கொடுக்கிறீர்கள். எழுந்தவர் உங்கள் பெயரைத் திரையில் பார்ப்பார். அடுத்த முறை நீங்கள் விழும்போது அவர் உங்களுக்காக ஓடிவருவார். தனியாக வந்தவர்கள் இப்படித்தான் அணியாகிறார்கள். மேட்ச் முடிந்ததும் அவர்களில் ஒருவர் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புவார். யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.